அம்மாவின் கோல நோட்டிலிருந்து ஐந்து எனாமல் பின்கள்

அம்மாவிடம் ஒரு கோல நோட்டு இருக்கிறது. அட்டை கிழிந்து, பழுப்பு நாடா ஒட்டிய நோட்டு. நீல மையில் புள்ளிகள், அவற்றைச் சுற்றிப் பென்சிலில் சிக்கு. கும்பகோணத்தில் சின்ன வயதில், மார்கழிக் காலையில் தெருவில் பார்த்த கோலங்களை மறந்துபோவதற்குள் வீட்டுக்கு ஓடிவந்து குறித்துவைத்தது என்று சொல்வார். என்னோடு தங்க சிங்கப்பூர் வரும்போதெல்லாம் பெட்டியில் மருந்துப் பைக்கு அடுத்து அந்த நோட்டுதான் இருக்கும்.

2024 மார்ச்சில் வந்திருந்தபோது, எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு வாசலில் தினமும் ஒரு கோலம் போட்டார். நான் வரைகலை வேலை செய்பவள். ஒருநாள் வேலைக்குக் கிளம்பும்போது செருப்பு மாட்டக் குனிந்தவள், கோலத்தைப் பார்த்தபடி அப்படியே நின்றுவிட்டேன். என் தோள்பையில் குத்தியிருந்த எனாமல் பின்னும் (வண்ணம் நிரப்பிய, ஊசியால் குத்திக்கொள்ளும் சிறு உலோக வில்லை) அந்தக் கோலமும் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டவை என்று அப்போதுதான் பட்டது.

எனாமல் பின்னில் வண்ணம் தானாக நிற்காது. உலோகத்தில் மேடாக எழும் கோடுகள் வரப்பு கட்டித் தர வேண்டும். வண்ணம் அந்தப் பாத்திக்குள் நிற்கும். வரப்பில் ஓரிடம் திறந்திருந்தாலும் ஒரு வண்ணம் இன்னொன்றோடு கலந்துவிடும். இந்த உத்தி பழையது. சீனத்தில் மெல்லிய உலோகக் கம்பியைப் பாத்தி பாத்தியாக வளைத்து ஒட்டி, கண்ணாடித் தூள் நிரப்பிச் சுடுவார்கள். அந்தக் கலைக்கு 15ஆம் நூற்றாண்டு மிங் பேரரசர் ஜிங்தாயின் பெயரால் ஜிங்தாய்லான் என்று பெயர். ஜெய்ப்பூர் மீனாகாரியில் உலோகத்தையே குடைந்து பள்ளமாக்கி நிரப்புகிறார்கள். இன்று நாம் சட்டையில் குத்திக்கொள்ளும் பின்னில் பெரும்பாலும் கண்ணாடி கிடையாது, பிசின் வண்ணம்தான். ஆனால் வரப்பும் பாத்தியும் அப்படியே இருக்கின்றன. சிக்குக் கோலமோ, தொடங்கிய இடத்துக்கே திரும்பிவரும் கோடு. அதில் திறந்த முனை என்று ஒன்று இல்லை. புதிதாக எதையும் சேர்க்காமலே பின்னுக்குப் பொருந்துகிற ஓர் ஓவிய மரபு நம் வாசலில் கிடக்கிறது. இதைச் செய்தே தீர வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

என் கையில் பெரிய பணம் இல்லை. ஆலைகள் பொதுவாக ஒரு வடிவத்துக்கு 100 பின்னாவது கேட்கும். மூன்று வடிவம் செய்தால் 300 பின். யார் வாங்குவார்கள் என்றே தெரியாமல் அவ்வளவையும் செய்து வீட்டில் அடுக்க முடியாது. அதனால் கூட்டுநிதி: வாங்க விரும்பும் பலரிடம் முன்கூட்டியே பணம் திரட்டிச் செய்வது. அதற்கான இணையதளமான கிக்ஸ்டார்ட்டரில் நிர்ணயித்த இலக்கைத் தொட்டால்தான் ஆதரவாளர்களின் வங்கி அட்டையிலிருந்து பணம் எடுக்கப்படும்; தொடாவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை. இந்தியாவில் இருந்துகொண்டு அங்கே திட்டம் தொடங்க முடியாது. சிங்கப்பூர் 2016 முதல் அந்தப் பட்டியலில் இருப்பதால் எனக்கு வழி இருந்தது.

மில்லிமீட்டர் கணக்கு

முதலில் ஆசைப்பட்டது அம்மாவின் 15 புள்ளிக் கோலம். அது ஏன் நடக்காது என்பதைக் கணக்கோடு சொல்கிறேன், ஏனென்றால் இது கோலத்துக்கு மட்டுமல்ல, நுணுக்கமான எந்த ஓவியத்துக்கும் பொருந்தும்.

நான் பேசிய ஆலைகள் சொன்ன அளவு இதுதான்: உலோகக் கோடு 0.2 மி.மீ.க்குக் குறையக் கூடாது, வண்ணம் நிற்கும் பாத்தி 0.3 மி.மீ.க்குக் குறையக் கூடாது. 30 மி.மீ. அகலத்தில் 15 புள்ளி வைத்தால் புள்ளிக்குப் புள்ளி 2 மி.மீ. சிக்குக் கோடு இரண்டு புள்ளிகளுக்கு நடுவே சாய்வாகக் கடக்கிறது. புள்ளியின் மையத்திலிருந்து கோட்டின் மையம் வரை சுமார் 0.7 மி.மீ. கண்ணுக்குத் தெரிகிற மாதிரிப் புள்ளி வைக்க 0.6 மி.மீ. விட்டம் வேண்டும், அதில் பாதி 0.3. கோட்டுக்கு 0.3 தடிமன், அதில் பாதி 0.15. இரண்டையும் கழித்தால் வண்ணத்துக்கு மிஞ்சுவது 0.25. அதற்குள் வண்ணம் போகாது. அதே அகலத்தில் 7 புள்ளி என்றால் இடைவெளி 4 மி.மீ.; பாத்திக்கு ஏறக்குறைய 0.95 மி.மீ. கிடைக்கும். அதனால் 7 புள்ளியைத் தாண்டுவதில்லை என்று கோடு கிழித்துக்கொண்டேன்.

படிக்கோலமும் ஆசைதான். மூன்று இழை நெருக்கமாக ஓடும் அந்த அழகு சிறிதாக்கினால் போய்விடுகிறது. இழைகளுக்கு நடுவே வண்ணம் விட இடமில்லாமல் வெறும் உலோகப் பட்டையாகத் தெரிந்தது. மனசில்லாமல் எடுத்துவிட்டேன்.

கடைசியில் முதல் தொகுதிக்கு மூன்று: 5-1 நேர்ப்புள்ளிச் சிக்கு, 7-4 இடைப்புள்ளிப் பூ, ஒரு தாமரை. பணம் கூடுதலாகச் சேர்ந்தால் திறப்பதற்கு இரண்டு: 5 வரிசைக்கு 4 புள்ளி வைத்த பெட்டிக் கோலம், அப்புறம் ஒரு குட்டிப் பறங்கிப்பூ. மார்கழியில் கோலத்து நடுவில் சாணி உருண்டையில் செருகுவோமே, அந்த மஞ்சள் பூ. 20 மி.மீ.தான்.

கோடுகளை அம்மாவின் நோட்டைப் படமெடுத்து அதன் மேலேயே இழுத்தேன். கணினியில் ஒரு கால்பகுதியை வரைந்து மூன்று முறை திருப்பி ஒட்டியிருந்தால் அரை மணி நேர வேலை. அப்படிச் செய்து பார்த்ததும் அது வேறு யாருடைய கோலமோ ஆகிவிட்டது. அம்மா வளைவைத் தொடங்கும் இடத்தில் மாவு கொஞ்சம் கனமாக விழும், முடியும் இடத்தில் மெலியும். அந்தக் கனத்தை வைத்துக்கொண்டேன். ஒரு கோலத்துக்கு இரண்டு மாலை ஆனது.

சாஃப்ட்டா, ஹார்டா

பின் சேகரிப்பவர்களிடம் ஹார்ட் எனாமலுக்குத்தான் மதிப்பு அதிகம். அதில் வண்ணத்தை நிரப்பிச் சுட்டு, கோடும் வண்ணமும் ஒரே மட்டமாகும்வரை தேய்த்து மெருகிட்டு, அதற்குப் பிறகு முலாம் பூசுகிறார்கள். சாஃப்ட் எனாமலில் முலாம் முதலில், வண்ணம் கடைசியில். வண்ணம் காய்ந்து கொஞ்சம் உள்வாங்குவதால் கோடு மேடாகவே நிற்கும்.

நான் சாஃப்ட் எனாமலை எடுத்தேன். விலை குறைவு என்பதற்காக இல்லை. தரையில் மாவு விழுந்த கோலம் தரைக்கு மேலேதான் இருக்கும். சாஃப்ட் எனாமலில் கோடு கையில் படும். கண்ணை மூடிக்கொண்டு நகத்தால் கோலத்தைப் பின்தொடரலாம். வழுவழுப்பான ஹார்ட் எனாமலில் அது கிடைக்காது. கோலத்தைப் பொறுத்தவரை இதுதான் சரி என்று இப்போதும் நம்புகிறேன்.

ஜூன் மாதம் 5-1 கோலத்துக்கு மட்டும் உலோக அச்சுக்குப் பணம் கட்டி ஒரு சாம்பிள் வரவழைத்தேன். தரை நிறம் நன்றாக வந்திருந்தது. திரையைப் பார்த்து நிறம் தேர்ந்தெடுக்காமல், தெரிந்த அச்சகத்தில் பான்டோன் புத்தகத்தை (ஒவ்வொரு நிறத்துக்கும் எண் போட்ட மாதிரிப் புத்தகம்) விரித்து, ஊரிலிருந்து அம்மா கொண்டுவந்திருந்த காவிக் கட்டியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து எண்ணைக் கொடுத்திருந்தேன். அந்த ஒரு மணி நேரம் வீண்போகவில்லை.

கோடுதான் தவறாகிவிட்டது. பளபளப்பான நிக்கல் முலாம் கேட்டிருந்தேன், மாவு மாதிரி வெண்மையாக மின்னும் என்ற எண்ணத்தில். பளபளப்பான உலோகம் கண்ணாடி மாதிரி. எதிரே இருப்பதைத்தான் காட்டும். கறுப்புச் சட்டை போட்டவர் கையில் எடுத்தால் கோலம் கறுப்பாகத் தெரிந்தது. புகைப்படத்தில் இன்னும் மோசம், பாதிக் கோடு தரையோடு மறைந்துபோனது. இரண்டாவது சாம்பிளில் மேட் சில்வர் கேட்டேன். ஒளியைச் சிதறடிக்கும் மங்கல் வெள்ளி. எந்தப் பக்கம் திருப்பினாலும் கோடு வெளுப்பாகவே நின்றது. அம்மாவுக்கு ஒன்றை அனுப்பினேன். தடவிப் பார்த்துவிட்டு, "மாவு காஞ்ச மாதிரியே இருக்குடி" என்றார். அதற்கு மேல் எனக்கு வேறு ஒப்புதல் தேவைப்படவில்லை.

தாமரைக்கும் ஒரு சாம்பிள் எடுத்தேன். ஆக சாம்பிளுக்கு மட்டும் 190 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்). பின்பக்கம் எல்லாவற்றுக்கும் இரண்டு ஊசி வைக்கச் சொன்னேன். ஒரே ஊசி என்றால் பின் சுழன்று கோலம் சாய்ந்து நிற்கும். பறங்கிப்பூவுக்கு மட்டும் ஒன்று போதும், பூ எப்படிச் சாய்ந்தாலும் பூதான்.

இலக்குத் தொகை

பலர் தடுக்கி விழும் இடம் இதுதான் என்பதால் என் கணக்கை அப்படியே எழுதுகிறேன். எல்லாம் சிங்கப்பூர் வெள்ளி.

மூன்று வடிவத்துக்கு அச்சும் 300 பின்னும் சேர்த்து 1,050. விமானக் கூரியர் 100. சிங்கப்பூருக்குள் வரும் சரக்கின் மதிப்பு 400 வெள்ளியைத் தாண்டினால் இறக்குமதியின்போதே 9 விழுக்காடு ஜிஎஸ்டி கட்ட வேண்டும். கூரியர் அதை நமக்காகக் கட்டிவிட்டு ஒரு கையாளும் கட்டணமும் வாங்கும். இரண்டுக்கும் 125. பின்னைக் குத்தி வைக்கும் அட்டைக்கு 90, உறைக்கும் குமிழ்த்தாளுக்கும் 60. மொத்தம் 1,425. இதைப் பார்த்துவிட்டு 1,500 இலக்காக வைக்கலாம் என்று முதலில் நினைத்தேன். அப்படி வைத்திருந்தால் இலக்கைத் தொட்ட பிறகு கையிலிருந்து பணம் போட வேண்டியிருந்திருக்கும்.

காரணம், ஆதரவாளர் கட்டும் தபால் கட்டணமும் இலக்குத் தொகையில் சேர்த்தே எண்ணப்படும். கிக்ஸ்டார்ட்டர் எடுக்கும் 5 விழுக்காடும், அட்டைப் பரிவர்த்தனைக்கான கட்டணமும் தபால் பணம் உட்பட மொத்தத்தின் மேல்தான் விழும். எல்லாம் சேர்த்து 9 முதல் 10 விழுக்காடு என்று வைத்துக்கொண்டேன். திருப்பிக் கணக்குப் போட்டேன்: 2,200 சேர்ந்தால், அதில் ஏறக்குறைய 330 தபாலுக்கு, 210 கட்டணத்துக்கு, 1,425 செலவுக்கு, மீதி 235. உடைந்து போவதற்கும் தொலைந்து போவதற்கும் ஆதரவாளரின் வங்கி அட்டை வேலை செய்யாமல் பணம் வராமல் போவதற்கும் அதுதான் கைகாவல். திட்டம் தொடங்கிய பிறகு இலக்கை மாற்ற முடியாது. 2,200 என்று வைத்தேன்.

ஒரு பின் 16, மூன்று 42, ஐந்தும் திறந்தால் 68. தபால் சிங்கப்பூருக்குள் 3 வெள்ளி, மலேசியாவுக்கும் இந்தியாவுக்கும் 6, அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியாவுக்கு 9.

பிரிட்டனையும் ஐரோப்பிய ஒன்றியத்தையும் பட்டியலில் சேர்க்கவில்லை. 2021 ஜனவரி முதல், 135 பவுண்டுக்கு உட்பட்ட பொருளைப் பிரிட்டனில் உள்ளவருக்கு நேரடியாக விற்கும் வெளிநாட்டு விற்பனையாளர் அங்கே மதிப்புக்கூட்டு வரிக்குப் பதிவு செய்ய வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 22 யூரோ வரை இருந்த வரி விலக்கும் அதே ஆண்டு ஜூலையில் போய்விட்டது. தனி ஆளாக இதற்கெல்லாம் பதிவு செய்து கணக்குக் காட்ட என்னால் முடியாது. வாங்குபவர் கதவைத் தட்டி வரி கேட்கும்படி விடவும் மனமில்லை. லண்டனிலிருந்தும் பாரிஸிலிருந்தும் தமிழர்கள் கேட்டு எழுதியபோது வருத்தமாகத்தான் இருந்தது. ஒருவர் திருச்சியில் இருக்கும் அக்கா விலாசத்தைக் கொடுத்து, பொங்கலுக்குப் போகும்போது வாங்கிக்கொள்கிறேன் என்றார். இப்போது திட்டமிடுபவர்கள் அமெரிக்காவையும் தனியாகக் கணக்குப் போட வேண்டும். 800 டாலருக்கு உட்பட்ட பொதிகளுக்கு இருந்த சுங்க விலக்கு 2025 ஆகஸ்ட் 29 முதல் அங்கே கிடையாது. நான் அனுப்பியது அதற்கு முந்தைய ஆண்டு.

21 நாள்

மார்கழி முதல் தேதிக்குள், அதாவது டிசம்பர் 16க்குள், பின் எல்லோர் கையிலும் இருக்க வேண்டும். அங்கிருந்து பின்னோக்கி எண்ணினேன். திட்டம் முடிந்து பணம் வர சுமார் 14 நாள். உற்பத்திக்கு 25 நாள். கூரியருக்கு ஒரு வாரம். பிரித்து, சோதித்து, அட்டையில் குத்த ஒரு வாரம். தபாலுக்கு நான்கு வாரம். செப்டம்பர் 3ஆம் தேதி செவ்வாய்க்கிழமை தொடங்கி 24ஆம் தேதி முடிப்பது என்று வந்தது. 60 நாள் வரை வைக்கலாம்; நீட்டினால் நடுவில் வரும் வறண்ட நாள்தான் கூடும்.

தொடங்குவதற்கு ஆறு வாரம் முன்பே முன்னறிவிப்புப் பக்கத்தைத் திறந்துவிட்டேன். தினமும் ஒரு படம்: நோட்டுப் பக்கம், அதன் பக்கத்தில் என் கோடு, சாம்பிளில் விரல் தடவும் காணொளி. அந்தக் காணொளிக்குத்தான் ஆட்கள் வந்தார்கள். தொடங்கும் நாளில் 190 பேர் காத்திருந்தார்கள். முதல் இரண்டு நாளில் 1,340 வெள்ளி. அப்புறம் 7ஆம் தேதி விநாயகர் சதுர்த்தி, அந்த வார இறுதியில் இரண்டே பேர். இரண்டாம் வாரம் முழுக்க மெதுவாகத்தான் ஊர்ந்தது. அந்த நாட்களில் விளம்பரத்துக்குப் பணம் செலவழிக்கவில்லை. பதிலாக, எந்தப் பின்னில் எந்தக் கோலம், அதை எப்படிப் போடுவது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பதிவு எழுதினேன். 3க்கு 3 புள்ளி வைத்து எல்லா இடத்திலும் குறுக்கே கடக்கும்படி சிக்குப் போட்டால் மூன்று தனிக் கோடு வரும்; 5க்கு 4 வைத்தால் ஒரே கோடு வரும். வரிசைக்கும் புள்ளிக்கும் உள்ள மீப்பெரு பொதுக் காரணி எவ்வளவோ அத்தனை கோடு. இதை எழுதிய அன்று கணக்கு ஆசிரியர்கள் நிறையப் பேர் வந்தார்கள். 13ஆம் நாள் 2,200 தொட்டது.

2,800 வந்ததும் பெட்டிக் கோலம் திறந்தது. முடிவதற்கு 48 மணி நேரம் முன்பு, பக்கத்தைக் குறித்து வைத்திருந்தவர்களுக்குக் கிக்ஸ்டார்ட்டரே நினைவூட்டல் மின்னஞ்சல் அனுப்புகிறது. அந்தக் கடைசி இரண்டு நாளில்தான் 3,400ஐத் தாண்டிப் பறங்கிப்பூவும் திறந்தது. மூன்றும் நான்கும் எடுத்திருந்தவர்களில் பலர் அந்தப் பூவுக்காகவே ஐந்துக்கு மாறினார்கள். கடைசியில் 84 பேர், 4,070 வெள்ளி.

ஒரு குறுக்கு வெட்டு

அக்டோபர் 1 முதல் 7 வரை, ஆலை இருக்கும் சீனத்தில் தேசிய தின விடுமுறை. பணம் கைக்கு வந்ததும் அந்த விடுமுறை முடிந்ததும் ஒரே நேரமாக அமைந்தது நல்லதாகப் போயிற்று. சீனப் புத்தாண்டுக்கு முன்பு முடித்தாக வேண்டும் என்பதும் மனதில் இருந்தது. அந்தச் சமயத்தில் ஆலைகள் பல வாரம் மூடிக்கிடக்கும்.

சாம்பிள் பார்க்காமல் நேரடியாக உற்பத்திக்குப் போனவை மூன்று: 7-4, பெட்டிக் கோலம், பறங்கிப்பூ. இவற்றுக்கு ஆலை அனுப்பிய புரூஃப் படத்தை (அச்சு வெட்டுவதற்கு முன் சரிபார்க்கும் வரைபடம்) மட்டும் பார்த்து ஒப்புதல் கொடுக்க வேண்டும். ஆலைகள் நாம் கொடுக்கும் கோப்பை அப்படியே அச்சுக்கு அனுப்புவதில்லை. தங்கள் மென்பொருளில் மறுபடி இழுக்கிறார்கள். நான் அளவைப் பார்த்தேன், நிற எண்ணைப் பார்த்தேன், முலாமைப் பார்த்தேன். எல்லாம் சரி. ஒப்புதல் கொடுக்கும் முன் அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன், பார்த்தால் சந்தோஷப்படுவார் என்றுதான்.

இரண்டு மணி நேரம் கழித்து அழைத்தார். "பெட்டிக் கோலம் ஒரே கோடு இல்லைடி. ரெண்டா இருக்கு."

போனில் விரல் வைத்தால் படம் நகர்ந்துவிடுகிறது என்று, புரூஃபைப் பார்த்துப் பார்த்து நோட்டில் பென்சிலால் அப்படியே போட்டிருக்கிறார். கோடு பாதியிலேயே தொடங்கிய இடத்துக்கு வந்துவிட்டது. மிச்சம் தனியாகக் கிடந்தது. நான் பெரிதாக்கிப் பார்த்தேன். மூன்றாவது வரிசையில் இரண்டாம் புள்ளிக்கு வலப்பக்கம், இரண்டு கோடும் குறுக்கே கடக்க வேண்டிய இடத்தில், ஒன்றையொன்று தொடாமல் வளைந்து திரும்பியிருந்தன. மறுபடி இழுத்தபோது நேர்ந்த ஒரே ஒரு பிழை. கண்ணுக்கு அழகாகத்தான் இருந்தது. பாத்திகளும் மூடித்தான் இருந்தன, அதனால் ஆலைக்கும் தவறாகத் தெரிய வழியில்லை. ஆனால் 'ஒரே கோட்டுக் கோலம்' என்று எழுதி நான் விற்றது அது.

அந்த இடத்தில் சிவப்பு வட்டம் போட்டு, பழைய கோப்பையும் பக்கத்தில் வைத்து அனுப்பினேன். மறுநாளே திருத்தி வந்தது. அச்சு வெட்டுவதற்கு முன்பு என்பதால் ஒரு வெள்ளிகூடச் செலவில்லை. வெட்டிய பிறகு என்றால் புது அச்சு, 100 பின் வீண், மார்கழியும் போயிருக்கும். அன்றிலிருந்து எந்தப் புரூஃப் வந்தாலும் அச்செடுத்து, பென்சிலால் கோட்டை முதலிலிருந்து கடைசிவரை இழுத்துப் பார்த்த பிறகுதான் ஒப்புதல்.

பெட்டி வந்தது

நவம்பர் 8ஆம் தேதி பெட்டி வந்தது. சாப்பாட்டு மேசை மேல் வெள்ளைத் துணி விரித்து, ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொரு பின்னாகப் பார்த்தேன். கைவிளக்கைப் பக்கவாட்டில் பிடித்தால் தூசும் கீறலும் உடனே தெரிகின்றன. நான்கு வடிவங்களில் நூற்றுக்கு ஐந்தாறு குறை, அது வழக்கம்தான். 7-4 கோலத்தில் மட்டும் 23 பின்னில் ஓரத்துப் பாத்திகள் அரைகுறையாக நிரம்பியிருந்தன. சாஃப்ட் எனாமலில் வண்ணத்தை ஊசிக்குழலால் கையால்தான் விடுகிறார்கள். நூறு பின்னில் எத்தனை ஆயிரம் பாத்தி என்று யோசித்தால் கோபம் வரவில்லை. 23ஐயும் எண் போட்டுப் படமெடுத்து அனுப்பினேன். ஆலை கூடுதல் கட்டணமில்லாமல் 25 புதிதாகச் செய்து கொடுத்தது, அதற்கு 12 நாள் பிடித்தது. அதுவரை காத்திருக்கத் தேவைப்படவில்லை. நல்லவையே 70க்கு மேல் இருந்ததால் அனுப்பத் தொடங்கிவிட்டேன். சின்னக் குறை உள்ளவற்றைத் தனி டப்பாவில் போட்டேன். குறையைச் சொல்லிப் பாதி விலைக்கு அவற்றை வாங்கிக்கொண்டவர்கள் உண்டு.

அட்டைதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. முன்பக்கம் பின், கோலத்தின் பெயர். பின்பக்கம் வெறும் புள்ளிகள் மட்டும் அச்சிட்டேன், அந்தக் கோலத்துக்கு வேண்டிய அதே புள்ளிகள். வாங்கியவர் பேனா எடுத்துத் தானே கோடு இழுத்துப் பார்க்கட்டும் என்று. பளபளப்பான பூச்சுள்ள அட்டையில் பேனா வழுக்கும், அதனால் பூச்சில்லாத தடித்த தாள் வாங்கினேன். அதில்தான் அட்டைச் செலவு 120 ஆனது.

பொதிக்குள் பின்னும் அட்டையும் குமிழ்த்தாளும், மேலே சிஎன்22 சுங்கப் படிவம். போலி நகைகளுக்கான 7117 என்ற சுங்கத் தலைப்பின் கீழ் எழுதினேன். உறைக்குள் மெல்லிய அட்டைப் பலகை ஒன்று கட்டாயம் வேண்டும். அது இல்லாமல் அனுப்பிய முதல் நான்கில் ஒன்று, ஊசி உறையைக் குத்திக்கொண்டு கிழிந்து போய்ச் சேர்ந்தது. மறுபடி அனுப்பினேன். 20ஆம் தேதிக்குள் எல்லாம் தபாலில் போட்டாயிற்று. இந்தியப் பொதிகளில் சில ஐந்து வாரம் எடுத்துக்கொண்டன, மார்கழி பாதியில்தான் சேர்ந்தன. அடுத்த முறை அவற்றை முதல் நாளே போடுவேன்.

இரண்டு பேரின் வங்கி அட்டை கடைசிவரை வேலை செய்யவில்லை, 122 வெள்ளி குறைந்தது. கட்டணம் 355 போக கைக்கு வந்தது 3,593. பின்னுக்கு 1,690, சாம்பிள் 190, கூரியர் 145, வரி 175, அட்டை 120, உறை 70, தபால் 448. மொத்தச் செலவு 2,838. மிஞ்சியது 755 வெள்ளியும், அலமாரியில் இரண்டு டப்பா பின்னும். 82 பேருக்கு 254 பின் போயிருக்கிறது. எட்டு மாத மாலைகளுக்கு அது கூலி ஆகாது. ஆனால் அடுத்த தொகுதிக்கான அச்சுச் செலவு கையில் இருக்கிறது. பாதியை அம்மாவுக்கு அனுப்பினேன். கோலத்துக்கு யார் காசு வாங்குவார்கள் என்று முதலில் மறுத்தார். கோலம் ஊருக்குச் சொந்தம்தான், இந்தக் கை உன்னுடையது என்றேன். வாங்கிக்கொண்டார்.

ஜனவரியில் கோலாலம்பூரிலிருந்து ஒரு படம் வந்தது. பெட்டிக் கோல அட்டையின் பின்பக்கத்தில் பச்சைப் பேனாவால் கோடு இழுத்திருந்தார்கள். "எனக்கு இரண்டு கோடு வருகிறது, எங்கே தவறு செய்தேன்?" என்று கேட்டிருந்தார் அந்தப் பெண். படத்தை அம்மாவுக்கு அனுப்பினேன். அரை மணி நேரத்தில் நோட்டுப் பக்கம் ஒன்று பதிலாக வந்தது: அவருடைய கோலம் பென்சிலில், ஓர் இடத்தில் சின்ன வட்டம், பக்கத்தில் அம்மாவின் கையெழுத்தில் "இங்கே திரும்பாதே, நேரே போ."